வாசலில் கட்டிய கார்

பாவாயிக்கு வாய் பொல்லாதது என்று காரவல்லி முதல் நாமக்கல் வரை சொல்வார்கள். சொல்கிறவர்களைப் பிடித்து இரண்டு அறை விடலாமா என்று எனக்கு வரும். நல்ல வாய்தான் அவளுக்கு இருந்தது. அதைப் பொல்லாததாக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவன் அருணாசலம், நாமக்கல்லில் பழைய மோட்டார்களை வாங்கிப் பூச்சுப் பூசி விற்கிறவன். இன்னொருவன் அவன் கொட்டகையில் எட்டு வருஷம் கணக்கு எழுதிய அர்த்தனாரி. அந்த அர்த்தனாரி நான்தான்.

பாவாயி கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுக்காரி. மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். சாமையும் கேழ்வரகும் விதைப்பாள். பலா மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தாள். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. எதுவானாலும் தலையில் சுமந்து, ஒற்றையடிப் பாதையில் காரவல்லிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டி பிடிக்க வேண்டும். 1936-ல் அவள் புருஷன் மாதன் விஷக் காய்ச்சலில் விழுந்தான். நான்கு பேர் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஓடி, வெயில் ஏறுமுன் அடிவாரம் சேர்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் மாட்டுவண்டி ஊர்ந்தது. சேந்தமங்கலம் தாண்டும்போது மாதனுக்கு மூச்சு இல்லை.

"மலை எறக்கம் எங்கூட்டுக்காரரக் கொல்லலீங்க. நல்ல ரோட்டுல வண்டி நகந்த நகத்தல்தானுங்க கொன்னுச்சு" என்று பிற்பாடு எங்கள் கொட்டகைக்கு வந்தபோது சொன்னாள்.

அவள் மூலையில் முடங்கி அழுகிறவள் அல்ல. காரவல்லியில் எந்நேரமும் ஒரு கார் நிற்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டாள். சந்தை நாளில் ஆளும் மூட்டையும் ஏற்றினால் பெட்ரோலுக்கு ஆயிற்று. மற்ற நாளில் நோயாளியும் பிள்ளைத்தாச்சியும் வந்தால் சும்மா ஏற்றிக்கொண்டு போகலாம். அவள் தம்பி பொன்னன் சேலத்தில் ஐந்து வருஷம் லாரி ஓட்டியவன். இரண்டு ஜோடி எருதையும் இரண்டு வருஷத்து மிளகையும் விற்றுவிட்டு அக்காளும் தம்பியும் 1938 தை மாசம் எங்களிடம் வந்தார்கள்.

அருணாசலம் காட்டிய கார் மேல்கூடாரம் மடக்குகிற பழைய வண்டி. அதன் எஞ்சினில் விரல் நீளம் ஒரு வெடிப்பு இருந்தது. அதை மக்குப் பசை வைத்து அடைத்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். சொன்னேனா? வாயில் கொழுக்கட்டையை அல்லவா அடைத்துக்கொண்டிருந்தேன்! உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம். எனக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டேன். தூ!

பொன்னன் மலைக்கோட்டையைச் சுற்றி இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தான். வண்டி சமர்த்தாக ஓடியது. ஆனாலும் பாவாயி லேசில் விடவில்லை.

"ஏனுங்க, ஓடற காரு நடுவுல நின்னுபோச்சுன்னா?"

"ஆறு மாசத்துக்குள்ள எஞ்சின் போனா, என் செலவுல வேற எஞ்சின் வெச்சுத் தாரேன். எழுதியே தாரேனுங்க அம்மா" என்றான் அருணாசலம். உடனே என்னைப் பார்த்து, "எழுது அர்த்தனாரி" என்றான். எழுதினேன். ஸ்டாம்பு ஒட்டிய தாளில் மேல்பாதி அவன் வாக்குறுதி, அவன் கையெழுத்து. கீழ்ப்பாதி அவள் கார் வாங்கிக்கொண்டதற்கான சம்மதம், அவள் கைநாட்டு. படித்துக் காட்டித் தாளை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் அதை வைத்துக்கொண்டு தயங்கினாள். மலையில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டை விற்கிறவன் பழைய கயிற்றை அவிழ்த்துத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவான். வாங்கினவன் புதுக்கயிறு போட்டு ஓட்டிப் போக வேண்டும். கயிற்றையும் சேர்த்து வாங்கிப்போனால் விற்றவன் பட்டியில் அப்புறம் மாடு தங்காது என்பார்கள். அதற்கு இன்னொரு பாதியும் உண்டு. ஏரில் பூட்டினபோது மாடு படுத்துக்கொண்டால், கயிறு வைத்திருக்கிறவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

"உங்க பட்டி நல்லா இருக்கோணுமுங்க. காருக்கு எதுங்க கவுறு? அதை நீங்க வெச்சுக்கோங்க" என்றாள்.

அவனுடைய லட்சுமியைத் தான் கொண்டுபோய்விடக் கூடாதே என்று அவளுக்குக் கவலை! அருணாசலத்தின் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது. "காருக்கு இந்தச் சீட்டுத்தானுங்க கவுறு" என்று சொல்லி அவள் கையிலிருந்த தாளை நயமாக வாங்கி, என்னிடம் நீட்டினான். "பொட்டியில வெச்சுப் பூட்டு." வைத்துப் பூட்டினேன். சாவி எப்போதும் போல என் அரைஞாணில் தொங்கியது.

பாவாயி கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் அருணாசலம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நானும் கூடச் சேர்ந்து பல்லைக் காட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாசம் கார் ஓடியது. பங்குனியில் காளப்பநாய்க்கன்பட்டி அருகே ஆவி கிளம்பி, எஞ்சினுக்குள் சம்மட்டி அடிப்பது போல் சத்தம் கேட்டு, நின்றுவிட்டது. அடைத்த மக்கு உதிர்ந்து வெடிப்பு ஒரு சாண் ஆகியிருந்தது. மறுநாளே பாவாயி வந்து நின்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை. வாக்குக் கொடுத்தவனிடம் அதை நினைவூட்ட வந்தவள் போலத்தான் பேசினாள்.

"மாடு படுத்துக்கிச்சுங்க. கவுத்தை எடுங்க."

"எந்தக் கவுறு?" என்றான் அருணாசலம்.

"அந்தச் சீட்டுங்க."

"சீட்டு எழுதி வாங்குனவுங்க சீட்டைக் கையில வெச்சிருப்பாங்க. உங்க கையில இருக்குதா? இல்ல. அப்புறம் எங்கிருந்து வரும்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "கணக்கப்புள்ளைங்க, நீங்கதானுங்களே எழுதுனீங்க? சொல்லுங்க சாமி."

"எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

அப்போதுதான் அந்த வாய் பொல்லாததாயிற்று. கொட்டகையே கிடுகிடுக்கக் கத்தினாள். "எழுதத் தெரிஞ்ச கைக்கு எடுக்கத் தெரியாதா? படிச்ச வாய்க்குச் சொல்லத் தெரியாதா? நீயெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறயா?" ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அருணாசலம் ஆள் வைத்து அவளை வெளியே தள்ளினான். நான் பேரேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். அதில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

எட்டாம் நாள் காலையில் கொட்டகையைத் திறக்க வந்தவன் திகைத்து நின்றேன். ரோட்டில் மூன்று ஜோடி மாடு பூட்டி, காரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்டியரிங்கில் பொன்னன், முன்னால் பாவாயி, பின்னால் திண்ணனூர் நாட்டு ஆட்கள் இருபது பேர். மாடுகளை அவிழ்த்துவிட்டு, காரைக் கொட்டகை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, முன் அச்சில் தும்புக்கயிறு போட்டு வாசல் தூணில் கட்டினாள் பாவாயி. படுத்த மாட்டை விற்றவன் வாசலில் கொண்டுவந்து கட்டிவிடுவதும் அவர்கள் வழக்கம்தான். கட்டினால் நியாயம் கிடைக்கும்வரை அவிழ்க்கக் கூடாது.

யாரோ ஒருவன் ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து காரின் மூக்குக்கு முன்னால் போட்டான். தெருவே சிரித்தது. பாவாயி சிரிக்கவில்லை. காரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

இரண்டாம் நாள் சிரிப்பு அடங்கியது. என்ன ஏது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் கதையைச் சொன்னாள். வெடிப்பை விரலால் தடவிக் காட்டினாள். கார் வாங்க ராசிபுரத்திலிருந்து வந்த ஒரு மிராசுதார் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனார். அருணாசலத்துக்குப் பொறுக்கவில்லை. போலீசுக்கு ஆள் அனுப்பினான்.

மூன்றாம் நாள் பகலில் ஏட்டு வந்தார். அவர் விசாரிக்கத் தொடங்குவதற்குள் சேந்தமங்கலம் ரோட்டிலிருந்து ஒரு மாட்டுவண்டி தடதடவென்று வந்தது. வண்டிக்குள் வைக்கோலின் மேல் ஒரு பெண். பாவாயியின் நாட்டுக்காரி, கண்ணாயி என்று பெயர், தலைப்பிரசவம். முந்தின நாள் மலை இறக்கியவளை ராத்திரி முழுக்க வண்டியில் உருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பாவாயி எழுந்து வண்டியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். ஏட்டைப் பார்க்கவில்லை, அருணாசலத்தைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆத்தாக்காரி பொழச்சுக்கிட்டா. கொழந்தை வண்டியிலயே போயிருச்சு."

ஏட்டு தொப்பியைக் கழற்றிக்கொண்டார். பிறகு, "அத்தாட்சி ஏதாவது இருக்குதா அம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நம்ம கணக்கப்பிள்ளையையே கேளுங்க ஏட்டையா. எட்டு வருஷமா இருக்கறான். பொய் சொல்ல மாட்டான்" என்றான் அருணாசலம். அவனுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை! அந்த நம்பிக்கையை நான் சம்பாதித்த விதத்தை நினைத்தபோது என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது. கார் விற்றதற்கு அதிலிருந்த அவளுடைய கைநாட்டுத்தான் அத்தாட்சி என்பதால் அவன் தாளைக் கிழிக்கவில்லை. வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்துவந்து ஏட்டிடம் கொடுத்தேன்.

ஏட்டு படித்தார். அருணாசலத்தைப் பார்த்து, "எஞ்சின் மாட்டறயா, ஸ்டேஷனுக்கு வாரயா?" என்றார்.

எஞ்சினைச் சேலத்திலிருந்து கொண்டுவந்து மாட்ட நாலே நாள்தான் ஆயிற்று. தாளை எடுத்துக் கொடுத்த அன்று மாலையே எனக்கு வேலைச் சீட்டுக் கிழிந்தது. அருணாசலம் என்னைத் துரோகி என்றான். யுத்தத்தில் பெட்ரோல் கட்டுப்பாடு வரும்வரை கார் காரவல்லியில் நின்றது. மலையிலிருந்து நாடு நாடாக ஆட்களை இறக்கி வந்து அதில் ஏற்றினார்கள். பாவாயி அப்புறம் எதை வாங்கினாலும் சீட்டைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். அதற்காகவும் ஊரார் அவளை வாயாடி, சந்தேகக்காரி என்றார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் அந்தக் காரில் ஏறிப் பிழைத்தவர்கள்.

அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி. அந்த மூன்றாம் நாள் பகலில், அருணாசலம் எஞ்சின் மாட்ட ஒப்புக்கொண்டதும், அவள் என் அருகில் வந்தாள். கத்தவில்லை.

"இத்தினி நாளா இது எங்க இருந்துச்சு?"

"பெட்டியில."

"சாவி?"

நான் வேட்டி மடிப்பை விலக்கினேன். அரைஞாணில் சாவி தொங்கியது.

"அன்னைக்கு நான் வந்து கேட்டப்பவும் அங்கதான் இருந்துச்சா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் போய்க் காரின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.