திண்டிவனத்துக்குப் போகாத கோணிகள்

திண்டிவனத்துக் கிளைக்கடையைக் கவனித்துவந்த பாய் எழுதி அனுப்பிய சீட்டைக் கிழித்துப் போட்டேன். அப்படி ஒரு சீட்டு வரவே இல்லை என்று முதலாளியிடம் சொன்னேன். பாய்க்கு வேலை போயிற்று. எனக்கு அப்போது ஒரு குறையும் நேரவில்லை. "சின்ன வயசு, தெரியாமல் செய்திருப்பீர்கள்" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் அதை வேறு யாருக்காவது சொல்லட்டும். தெரிந்துதான் செய்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிடங்கு. கோணிப்பை, கயிறு, வாளி, அரிக்கேன் விளக்கு என்று குடியானவர்களுக்கு வேண்டிய சாமான்கள் அங்கே வந்து இறங்கும். அங்கிருந்து திண்டிவனம், செஞ்சி, கள்ளக்குறிச்சிக் கிளைகளுக்குப் போகும். எந்தக் கடைக்கு எந்தச் சாமான் எத்தனை என்று தீர்மானிப்பது என் வேலை. பி.ஏ. படித்தவன் என்பதால் முதலாளி என்னை நம்பினார். நானே ஒரு முறை ஏற்படுத்தியிருந்தேன். சாமானுக்கு ஒரு கார்டு. வாராவாரம் விற்றது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கும். இன்று கம்ப்யூட்டர் செய்வதை நான் பென்சிலால் செய்தேன். என் பேத்திக்கு அப்படி ஒரு கம்பெனியில்தான் வேலை. "சாஃப்ட்வேர் பொய் சொல்லாது தாத்தா" என்கிறாள். என் கார்டுகளும் பொய் சொன்னதில்லை.

சனிக்கிழமைதோறும் கிளைக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்கள். நூறு வேண்டுமென்றால் இருநூறு என்று எழுதுவார்கள். நான் பாதியாக வெட்டுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் இரட்டித்துத்தான் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைக்கவில்லை, அதுதான் வழக்கம். பாய் ஒருவர்தான் இதற்கு உட்படாதவர். கோட்டக்குப்பத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மாதக் கூட்டத்துக்கு விழுப்புரம் வந்தபோது எல்லார் எதிரிலும் சொன்னார்:

"இத பாரு தம்பி, எனக்கு நூறு வோணும்னா நூறுதான் எழுதுவேன். நீ வெட்டாத."

செஞ்சிக் கடைக்காரர் சிரித்தார். "ஊரோட ஒத்துப் போங்க பாய். இல்லாட்டி பாதிக் கடைய வெச்சிக்கினு ஈ ஓட்டுவீங்க."

"ஓட்டுறேன். நீ எழுதற பொய்க்கு அந்த ஈயே மேல்."

ஒருவருக்கு மட்டும் விட்டுக்கொடுத்தால் மற்றவர்கள் கேட்பார்கள் என்று நான் காரணம் சொன்னேன். உள்ளே இருந்த காரணம் வேறு. பி.ஏ. படித்த என்னை, நாலு பேர் முன்னால் 'வெட்டாத' என்றாரே.

ஐப்பசியில், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கும் சமயம். அறுநூறு கோணி என்று பாயின் சீட்டு வந்தது. முந்தைய வருஷம் அந்த வாரத்தில் விற்றது ஏறக்குறைய அவ்வளவுதான் என்று கார்டும் சொன்னது. நான் முன்னூறு அனுப்பினேன். மீதி கிடங்கில் அடுக்கியபடியே கிடந்தது.

இரண்டே நாளில் முன்னூறும் தீர்ந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கிளியனூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் மல்லாட்டையைக் களத்தில் குவித்துவிட்டுக் கோணிக்காக அலைந்தார்கள். நனைந்த காய் முளைவிட்டது. பாயிடம் சண்டை போட்டது போதாமல் விழுப்புரத்துக்கே வந்து சத்தம் போட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"திண்டிவனம் எத்தினி கேட்டுச்சி?"

சீட்டு என் மேசை இழுப்பறையில் இருந்தது. "சீட்டே வரலைங்க. நானா பார்த்து முன்னூறு அனுப்பினேன்" என்றேன். அவர் நகர்ந்ததும் கிழித்தேன்.

மறுநாள் பாய் வந்து நின்றார். "அனுப்புனேன் முதலாளி. என் கையால அறுநூறுன்னு எழுதுனேன்." என்னைப் பார்த்தார். நான் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படிச்ச பையன் பொய் சொல்லுவானா? மன்னிப்பு கேட்டுக்க பாய், வேலையில இரு" என்றார் முதலாளி.

"செய்யாததுக்கு இன்னாத்துக்கு மன்னிப்பு கேக்கணும்?" கடைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாசி மாதக் கூட்டத்தில், திண்டிவனத்துக்குப் புதிதாகப் போட்டிருந்தவரிடம் முதலாளி, "பாய் மாதிரி புளுகினா பாய்க்கு ஆன கதிதான்" என்றார். நான் எழுந்தேன். சீட்டு வந்தது, கிழித்தது நான் என்றேன்.

முதலாளி கதவைச் சாத்தச் சொன்னார். "சரி, நடந்தது நடந்துபோச்சி. வெளிய சொல்லிக்கினு திரியாத. கடைப் பேரு கெட்டுடும்."

"பாய் பேரு கெட்டுதுங்களே?"

"உக்காருய்யா."

உட்காரவில்லை. பாயைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டு எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் களம் களமாகப் போய்ச் சொல்வேன் என்றேன். எழுதிக் கொடுத்தார். அதே கையோடு என் வேலைக்கும் சீட்டுக் கிழித்தார். அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

திண்டிவனம் சந்தையில் பாய் கயிறு விற்றுக்கொண்டிருந்தார். கடிதத்தைப் படித்தார், மடித்து என்னிடமே நீட்டினார்.

"வேலை வோணாம். மல்லாட்டை போனவங்கள்லாம் என் மூஞ்சில துப்பாத குறை. அவங்க கிட்ட போய்ச் சொல்லு."

"சொல்றேன் பாய்."

"இப்பவே சொல்லு. ஜல்தி. சந்தை கலைஞ்சிடும்."

சந்தை நடுவில் நின்று உரக்கச் சொன்னேன். கிளியனூர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "எங்க மல்லாட்டைய யார்ரா திருப்பித் தருவா?" என்றார். பாய் தடுக்கவில்லை. தடுத்திருக்கவும் கூடாது.

அடுத்த அறுவடைக்கு அவர் சொந்தமாகக் கடை போட்டார். கிளியனூர் வண்டிகள் அங்கேதான் நின்றன. ஆசிரியர் பயிற்சி முடித்த எனக்கும் திண்டிவனத்துப் பள்ளியிலேயே வேலை கிடைத்தது. தினமும் அவர் கடையைத் தாண்டித்தான் போவேன். ஒரு நாளும் அவர் என்னை ஏறிட்டுப் பார்த்ததில்லை. பின்தெரு வழியாகப் போனால் என்ன என்று என் மனைவி பலமுறை கேட்டாள். நான் போகவில்லை.