பெரியப்பாவின் இடியன் துவக்கு

2009இல் ஒரு சனிக்கிழமை, சட்டன் என்ற ஊரில் இருந்த துவக்குக் கடைக்கு என் கணவர் என்னையும் கூட்டிப்போனார். ஜேர்மனியில் வளர்ந்த அவர், இங்கே குறிபார்த்துச் சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து, குழலின் வாயால் வெடிமருந்து இடிக்கும் பழைய வகைத் துவக்கு ஒன்றை வாங்கியிருந்தார். துடைக்கும் துணியும் எண்ணெயும் எடுத்தபின், மருந்தை இடித்து இறுக்கும் கம்பிகள் இரண்டை என்னிடம் நீட்டினார்.

"எது நல்லம், சொல்லுமன்?"

கடைக்காரர் கழுவிக்கொண்டிருந்த குழலிலிருந்து கூழ்முட்டை நாற்றம் வந்தது.

வன்னியில் பெரியப்பா அதே வகையான தன் இடியன் துவக்கைக் கழுவும்போதும் அதே நாற்றம்தான். சுடுதண்ணீர் ஊற்றி, கம்பியில் சீலைத்துண்டைச் சுற்றித் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசி, பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலப் பார்த்துக்கொள்வார். என் நாய் மணி அவருடைய கோழியைப் பிடித்த அன்று, அந்தத் துவக்காலேயே மணியைச் சுட்டார். எனக்கு ஒன்பது வயது. மறுநாள் அவருடைய மருந்து இடிக்கும் கம்பியைத் தூக்கிப் பாழ்கிணற்றில் போட்டேன். கம்பியில்லாமல் துவக்கைச் சுட முடியாது; அவர் வேறு கம்பி செய்விக்குமுன் காட்டுப்பன்றிகள் வந்து மரவள்ளித் தோட்டத்தை உழுதுவிட்டன.

பெரியப்பா வரம்பில் குந்தியிருந்து அழுதார். நான் கிட்டப் போனேன்.

"மணியைச் சுட்டது பிழை எண்டு சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை, பிழைதான். என்ரை கம்பியை எங்கையும் கண்டனியே?"

"இல்லை," என்றேன். அவர் சாகும்வரை நான் உண்மையைச் சொல்லவேயில்லை.

கடையில் நின்றபடியே இதைக் கணவருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பாவம் அந்த மனுசன்," என்றார்.

"மணியும் பாவம்தான்," என்றேன்.