மெட்டுப் போட்ட கம்ப்யூட்டர்

ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவனிடம் எல்லாரும் கேட்பது, “பாட்டு நாளைக்கே கிடைச்சிடுமா?” என்பதுதான், இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகபாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அபர்டீன் பஜாரில் ஒரு மாடியறை என் ஸ்டுடியோ. அந்தமானுக்குக் கடலடி கேபிள் வராமல் இன்டர்நெட் ஊர்ந்துகொண்டிருந்த காலம். மெயின்லேண்டிலிருந்து வந்த நண்பன் ஹார்டு டிஸ்க்கில் ஒரு நியூரல் நெட்வொர்க் கொண்டுவந்தான். சுரங்களை எண்களாக்கிக் கொடுத்தால், எதற்குப் பின் எது வரும் என்று ஊகித்துப் பழகி, சொந்தமாக மெட்டுப் போடுமாம். நான் நம்பவில்லை.

மூச்சு

கோயில் திருவிழா, கல்யாண வீடியோ என்று நான் போட்ட மெட்டுகளை எல்லாம் கொடுத்தேன். முதலில் ஒரே ‘ச’வைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. திருத்தித் திருத்தி ஓட்டினேன். இரண்டாம் வாரம் நிஜமாகவே ஒரு மெட்டு வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தபலா வாசிக்கும் பிஸ்வாஸ் தாதாவைக் கூப்பிட்டேன். பெங்காலி, அவர்கள் பேச்சில் தாதா என்றால் அண்ணன்; எங்களோடு பழகி அரைகுறைத் தமிழ் பேசுவார். கொஞ்ச நேரம் கூடவே தட்டியவர் கையை எடுத்துவிட்டார். சுரங்களைக் கொடுத்த நான் இடைவெளிகளைக் கொடுக்க மறந்திருந்தேன்.

“அரே பாய், பஹுத் அச்சா பாடுது. ஆனா இது மூச்சே விடலியே!”

ஜவுளிக்கடை அண்ணாச்சி

இடைவெளிகளையும் சேர்த்துப் பழக்கினேன். அப்போதுதான் பஜார் ஜவுளிக்கடை அண்ணாச்சி பொங்கல் விளம்பரத்துக்கு மெட்டுக் கேட்டு வந்தார். நான் போட்ட மூன்றையும் “சரக்கு இல்லையே” என்று தள்ளினார். பொறுக்காமல் நாலாவதாக மெஷின் போட்டதை ஓட்டினேன். கால் தானாகத் தாளம் போட்டது அவருக்கு. பொய் சொல்ல வாய் வராமல், போட்டது யார் என்று சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரைச் சுற்றிவந்து, பின்பக்கம்கூடப் பார்த்தார்.

“இத முன்னாடியே காட்டியிருந்தா ஒங்களக் கஷ்டப்படுத்தியிருக்க மாட்டேனே தம்பி!”

இரண்டு கேசட்

பக்கத்துக் கராச்சர்மாவிலிருந்து சரோஜா அக்கா வந்தார். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். ரப்பர் பால் வெட்டும் கணவர் புல்லாங்குழல் வாசிப்பார். சுனாமியில் அவர் போய்விட்டார். தம்பி வீட்டில் கிடந்த இரண்டு கேசட்டில் மட்டும் அவர் வாசிப்பு மிஞ்சியிருந்தது. அதைப் பென் டிரைவில் ஏற்றித் தரத்தான் கேட்டார். “மெஷினுக்கும் கொடுத்துப் பார்க்கட்டுமா அக்கா?” என்றேன். கேசட்டை ஒருமுறை தடவிவிட்டுச் சரியென்று தலையசைத்தார்.

கேசட்டின் சுரங்களையும் சேர்த்துப் பழக்கினேன். பத்து நாள் கழித்து அக்கா வந்தார். தப்புச் செய்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. ஓட்டினேன். மெட்டு மேலே ஏறி, நின்று, எதிர்பாராத ஒரு பக்கம் திரும்பி இறங்கியது. அந்தத் திருப்பம் கேசட்டிலும் இல்லை, என் மெட்டுகளிலும் இல்லை, வரிவரியாகத் தேடியிருந்தேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். “இன்னொருக்கா போடுங்க” என்றார். அதன்பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

“இது அவரு வாசிச்சது இல்ல தம்பி. இருந்திருந்தா, இந்நேரம் இப்பிடித்தான் வாசிச்சுக்கிட்டு இருப்பாரு.”

இருபது வருஷமாக வாசலில் ‘இசையமைப்பாளர்’ என்று போர்டு மாட்டியிருக்கும் நான், அன்றிலிருந்து கம்ப்யூட்டரை அணைக்கும்போது கொஞ்சம் மரியாதையோடுதான் அணைக்கிறேன்.