பேர் ஓடும்போது லைட் போட்டவன்

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரே ஒரு தையல் மெஷின். அந்தக் கொட்டகைதான் இன்றைக்கு ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற யூனிட். நூறு பொம்பளைகளுக்கு மேல் வேலை செய்கிறார்கள். அவர்களை மாதனூர் பக்கத்து ஊர்களிலிருந்து ஏற்றிவர ரெண்டு பஸ். அப்புறம் பைபாஸ் ஓரத்தில் ஒரு கல்யாண மண்டபம், ஏசியோடு. நான் அஞ்சாவதைத் தாண்டாதவன். தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி, முட்டிவரைக்கும் வெந்துபோன காலோடு வளர்ந்தவன். யாரும் கை கொடுக்கவில்லை. எல்லாம் தனி ஆளாக. இதை எத்தனையோ மேடையில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் எதிர்த்துப் பேசியதில்லை, போன ஆடி மாசம் வரைக்கும்.

ஆடியில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள், மண்டபம் சும்மா கிடக்கும். அப்போது வேலூரிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். பெண்கள் எடுத்த குறும்படங்களை மட்டும் போட்டுக் காட்டுகிற விழா, ரெண்டு நாள், இடம் வேண்டும் என்றார்கள். வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாசலில் என் போட்டோ போட்டு ஒரு ஃப்ளெக்ஸும் அடித்து வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் அது ஜெனரேட்டருக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. "காத்துக்கு விழுந்துடும்னு எடுத்து வெச்சோம் ஐயா" என்றாள் ஒருத்தி. அன்றைக்குக் காத்தே இல்லை.

முன்வரிசையில் உட்கார்ந்தேன். சால்வை போடுவார்கள் என்று பார்த்தேன், போடவில்லை. படம் ஆரம்பித்துவிட்டது. ஒரு பொம்பளை டீ போடுகிறாள். பால் பொங்குகிறது, இறக்குகிறாள், நாலு டம்ளரில் ஊற்றுகிறாள், நாலையும் யார் யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவள் காலிப் பாத்திரத்தைப் பார்க்கிறாள். படம் முடிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சண்டை இல்லை, பாட்டு இல்லை, அவள் யாருடைய பெண்டாட்டி என்றுகூடத் தெரியவில்லை. சுற்றிலும் பொம்பளைகள் கை தட்டுகிறார்கள், பின்னால் ஒருத்தி மூக்கைச் சிந்துகிறாள்.

அடுத்தது மேல்விஷாரத்துப் பெண் எடுத்தது, உருதுவில். காலேஜ் முடித்த ஒருத்தி தினமும் பீரோவைத் திறந்து சர்டிபிகேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடுகிறாள். அவ்வளவுதான். படம் எடுத்த பெண் மேடைக்கு வந்து, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றாள். நான் எழுந்து, "எல்லாம் சரிம்மா, கதை எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"பீரோக்குள்ளதான் இருக்கு அங்கிள்" என்றாள் அந்தப் பெண். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

இதற்கு நடுவில் இன்னொரு பேஜார். என் மண்டபத்தில் நான் கையைத் தூக்கினால் எலக்ட்ரீஷியன் லைட் போடுவான். கல்யாணத்தில் அப்படித்தான் பழக்கம். படம் முடிந்து வெறும் பேர்கள் ஓட ஆரம்பித்ததும் நான் கையைத் தூக்கினேன், அவனும் போட்டான். உடனே ஒருத்தி ஓடிவந்து, "ஐயா, பேரு ஓடி முடியட்டும்" என்றாள்.

"படம்தான் முடிஞ்சிடுச்சே. பேரை யாரும்மா படிக்கப் போறாங்க?"

"பேரு வர்றவங்க வீட்டு ஆளுங்க படிப்பாங்க ஐயா."

நான் கேட்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் தூக்கினேன். ஏழெட்டுத் தடவை இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் யூனிட் பெண் எடுத்த படம் என்றார்கள். எங்களிடம் தையல் மெஷினில் உட்காருகிறவள், மாதனூர்ப் பக்கம். இந்த வேலூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செல்போனில் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார்களாம், அதில் கற்றுக்கொண்டவள். ஆறு மாசம் முன்னால் என்னிடம் வந்து, நம்ம கம்பெனிக் கதையைப் படம் எடுக்கட்டுமா மொதலாளி என்று கேட்டிருந்தாள். எங்கள் சரக்கை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிற நேரம் அது. உள்ளே போனே கொண்டுவரக் கூடாது. ஷெட்டில் எடுக்காதே, வெளியே என்ன வேண்டுமானாலும் எடு, ஆனால் என் பேரும் கம்பெனி பேரும் ஒரு எழுத்துகூட வரக்கூடாது என்று சொல்லி, லெட்டர் எழுதி வாங்கி, கையெழுத்தும் போடச் சொன்னேன். ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது. அதோடு மறந்துவிட்டேன்.

படம் வந்தது. முதலில் ரெண்டு கை, ஊசியில் நூல் கோக்கிறது. அந்த வளையலை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தேன். என் பெண்டாட்டியுடைய கை. என் வீட்டுப் பின்கட்டில், துணி மூடிக் கிடந்த அந்தப் பழைய மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெண் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனதாக ஒரு நாள் இவள் சொன்னாள்தான். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

திரையில் அவள் சொல்கிறாள்: "மொத மெஷின் வந்தப்போ ஓட்டத் தெரிஞ்சது நான் ஒருத்திதான். அம்மா வீட்ல ஜாக்கெட் தெச்ச பழக்கம். ஆனா தோலு துணி மாதிரி இல்ல. ஒரு தையல் தப்பாப் போட்டா, பிரிச்சாலும் ஓட்டை அப்படியே நிக்கும். மறைக்க முடியாது. மொத ஜோடி நான் தெச்சேன். அப்புறம் பத்து பேருக்குக் கத்துக்குடுத்தேன். பொண்ணுங்கள வேலைக்கு அனுப்பமாட்டோம்னாங்க. வீடு வீடாப் போய் உக்காந்தேன். வீட்டாண்டையே வந்து ஏத்திக்கினு, வீட்டாண்டையே வந்து வுடறோம்னு நான் வாக்குக் குடுத்தேன். அப்புறம்தான் பஸ்ஸு."

"அப்ப மொதலாளி?" என்று கேட்கிறது படம் எடுத்தவளின் குரல்.

"அவரு இருந்தாரு" என்கிறாள்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இத்தனை வருஷமாக மேடையில் நான் சொன்னதிலும் பொய் இல்லை. ரெண்டும் ஒரே கொட்டகையில் எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவள் என் பேரைச் சொல்லமாட்டாள், கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. அவரு, இவரு, வீட்ல, அவ்வளவுதான். நானும் அவளை இந்தா என்றுதான் கூப்பிடுவேன். அதனால் பரவாயில்லை, கடைசியில் எழுத்தில் வரும் என்று காத்திருந்தேன்.

திரை கறுத்தது. பேர் ஓட ஆரம்பித்தது. வேர்த்துக் கொட்டியதில் முகம் துடைக்கத் துண்டைத் தூக்கினேன். பளிச்சென்று லைட் வந்து திரை வெளுத்துப்போனது.

"யார்றா லைட் போட்டது?"

"நீங்கதான் மொதலாளி கையத் தூக்கினீங்க."

எழுந்து நின்று, இன்னொரு தடவை பேரை மட்டும் போடுங்கம்மா என்று கேட்டேன். வேலூர்ப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "யாரு ஐயா படிக்கப் போறாங்க?" என்றாள். அப்புறம் போட்டுவிட்டாள்.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் தையல் என்று போட்டு, பக்கத்தில் என் பெண்டாட்டி பேர். ரேஷன் கார்டில் மட்டும் பார்த்த பேர், அத்தனை பெரிதாக. பிறகு அந்தப் பத்துப் பெண்களின் பேர். பஸ் டிரைவர் பேர். கேட்டுக்குப் பக்கத்தில் டீ விற்கிற அம்மா பேர்கூட இருந்தது. என் பேர் இல்லை.

படம் எடுத்தவளைப் பந்தி போடுகிற கூடத்தில் பிடித்தேன். "இன்னாம்மா, டீக்கடை வரைக்கும் வந்துட்ட. நான் எங்க?"

"நீங்கதான ஒரு எழுத்து வரக்கூடாதுன்னீங்க மொதலாளி. கையெழுத்து வாங்கிட்டீங்களே."

"அது பையருக்காக."

"பையருக்காகன்னு லெட்டர்ல இல்லியே" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "இப்ப போடச் சொன்னா போடறேன். ஆனா ஆயிரம்தான் இருந்தாலும் இது உங்க வீட்டம்மா சொன்ன கதை. அவங்களக் கேட்டுட்டுப் போடறேன்."

என் பெண்டாட்டியும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்திருந்தாள்; காரில் வரும்போது அவளிடமே கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "போட்டா போச்சு. நீங்க இன்னா பண்ணீங்கன்னு சொல்லுங்க" என்றாள்.

"இன்னா பண்ணேனா? எல்லாம் பண்ணேன்."

"எல்லாம்னு போடமாட்டாங்களாம். ஒருத்தருக்கு ஒரு வேலைதானாம். அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"மொதலாளின்னு போடச் சொல்லு."

"அது வேலையா?"

சிரித்தாளா என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

ஒரு வாரம் இதே யோசனை. யூனிட்டில் நடந்துபோனால், தைக்கிறவள் தைக்கிறாள், வெட்டுகிறவன் வெட்டுகிறான், செக் பண்ணுகிறவள் பண்ணுகிறாள். நான் நடக்கிறேன். நான் செய்ததை ஒரு வரியில் சொல்லு என்றால் வாய் அடைத்துப்போகிறது. மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிறவன்.

அப்புறம் ஒன்று ஞாபகம் வந்தது. அவள் தைத்த முதல் ஜோடிகளைச் சாக்கில் கட்டி, பேரணாம்பட்டுக் கம்பெனிக்குச் சைக்கிளில் கொண்டுபோனேன். பாதி வழியில் மழை. தோல் நனைந்தால் கறை விழும், ரிஜெக்ட் பண்ணிவிடுவார்கள். சட்டையைக் கழற்றிச் சாக்கு மேல் போர்த்தி, அதற்கு மேல் நான் கவிழ்ந்துகொண்டு தள்ளிக்கொண்டே போனேன். ஒரு ஜோடிகூட நனையவில்லை. அவள் தைத்ததில் ஒன்றுகூடத் திரும்பிவரவில்லை. திரும்பி வந்து, இன்னும் வேண்டுமாம் என்று சொன்னேன். அவள் மெஷினை விட்டு எழுந்து தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொல்கிற அளவுக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

அவளிடம் சொன்னேன். "ஆமா, சட்டை இல்லாம வந்தீங்க" என்றாள். "அதைப் போடச் சொல்றேன்."

சொல்லி ரெண்டு வாரம் ஆகிறது. படம் அடுத்து சென்னைக்குப் போகிறதாம். இன்னும் போட்டபாடில்லை. அதனால்தான் அங்கே படம் போடப்போகிற உங்களிடம், நான் சொல்லச் சொல்ல ஆள் வைத்து எழுதி, எழுத்தில் கேட்கிறேன். அந்த லெட்டரை ஃபைலிலிருந்து எடுத்துக் கிழித்துவிட்டேன். முதல் ஜோடியை நனையாமல் கொண்டுபோனவர் என்று என் பேர் வர வேண்டும். அவள் பேருக்குக் கீழே போதும், சின்ன எழுத்தும் போதும். ஆனால் விறுவிறு என்று ஓட விடக்கூடாது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். படித்து முடிக்கிறவரைக்கும் நிறுத்த வேண்டும்.