கிருபாராணி சத்தம் போடாத நாட்கள்

மூக்கண்டப்பள்ளியில் கிருபாராணியின் குரலுக்குத் தனி மரியாதை உண்டு. வண்டிகளுக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் அவள் லைன் லீடர். அவள் வாயைத் திறந்தால் மிஷின் சத்தமே அடங்கிப்போகும் என்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். கணவர் வெஸ்லின் கல்யாணமானதிலிருந்து "சரி, சரி" என்றே குடித்தனம் நடத்தி வந்தார்.

போன மழைக்காலத்தில் கம்பெனி டாக்டர் அவளுடைய பிரஷரைப் பார்த்து முகம் சுளித்தார். மாத்திரையோடு, ஷிப்ட் முடிந்ததும் கேன்டீன் மாடியில் நடக்கும் தியான வகுப்புக்கும் போகச் சொன்னார்.

"நான் சர்ச்சுக்குப் போறவ சார், எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"மூச்சு விடுறதுக்கு எந்த மதம்மா?" என்றார் அவர். அன்று ஷிப்ட் முடிந்ததும் அவள் மாடி ஏறினாள்.

முதலில் கண்ணை மூடினால் ரிஜெக்ட் ஆன வயர்கள் தெரிந்தன. இல்லாவிட்டால் தூக்கம் வந்தது. அவளுடைய குறட்டையில் பக்கத்திலிருந்த சுமலதாவின் தியானம் கலைந்ததும் உண்டு. ஆனாலும் விடாமல் போனாள். போகப்போக, கோபம் கிளம்பும்போதே அது கிளம்புவது அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒரு மூச்சு இழுத்து விடுவாள். பாதிக் கோபம் அதோடு போய்விடும்.

வெஸ்லின் புது ஸ்கூட்டரைக் கேட்டில் இடித்துக்கொண்டு வந்த அன்று, அவள் வண்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மூச்சை இழுத்து விட்டாள்.

"அடி ஏதும் படலையே? கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

திட்டு விழும் என்று காத்திருந்தவர் பயந்துபோனார். மறுநாளே வகுப்பு எடுக்கும் சரஸ்வதி மேடத்தைத் தேடிப் போனார்.

"என் வீட்டுக்காரி என்னமோ மனசுல வெச்சிக்கினு இருக்குது மேடம். திட்டவே மாட்டேங்குது."

சரஸ்வதி சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்றால் முதலில் பதறுவது அதுதான். மூச்சைக் கவனித்துப் பழகினால் அந்தப் பதற்றம் குறையலாம் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும்.

"பாதாம்பருப்பா?" வெஸ்லினால் நம்ப முடியவில்லை. "அவ்ளோ சின்னதுலருந்தா அவ்ளோ சத்தம்?"

இதைக் கேள்விப்பட்ட கிருபாராணி விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் கம்முனு இருந்தா அவ்ளோ பயமா உங்களுக்கு?"

"பழக்கமில்ல பாரு, அதான்."

இப்போது பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மாத்திரை தொடர்கிறது. லைனில் பெண்கள் தப்பு நடந்தால் ஒளிக்காமல் தாங்களே வந்து சொல்கிறார்கள். அதற்காக அவள் அப்படியே சாந்தமாகிவிடவும் இல்லை. போன வாரம் வெஸ்லின் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டபோது அவள் போட்ட சத்தம் அடுத்த தெருவரை கேட்டது. அவர் முகத்தில்தான் எத்தனை நிம்மதி!