வேட்டி கொடுத்த அனுமதி

அறுபதுகளின் தொடக்கத்தில், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில் முதலாளியிடம் விமானியாக இருந்தேன். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். சோளக்காட்டை ஒட்டிச் செம்மண்ணைச் சமன்செய்து ஓர் ஓடுபாதை. நிலம் முதலாளியுடையது. மேலே இருந்த வானம் மட்டும் தொலைவிலிருந்த பெரிய விமான நிலையத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அவர்களைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. தரையிலிருந்து எங்கள் ரேடியோ அவ்வளவு தூரம் எட்டாது. ஆகவே சைக்கிளில் தபாலாபீஸ் போய், டிரங்க் கால் என்ற வெளியூர்த் தொலைபேசி அழைப்பைப் போட வேண்டும்.

அனுமதி கிடைத்தால் பத்து நிமிடத்துக்குள் கிளம்பியாக வேண்டும். தபாலாபீசிலிருந்து சோளக்காட்டைச் சுற்றித் திரும்பி வரவே பதினைந்து நிமிடம். மூன்று முறை கோட்டைவிட்ட பிறகு போஸ்ட்மாஸ்டர் இரக்கப்பட்டார்.

“நீங்க ஏரோப்ளேன்லயே உக்காந்திருங்க சாமி. நானே பேசறேன். செரின்னுட்டாங்கன்னா மொட்டமாடில வெள்ளை வேட்டியக் கட்டி உடறேன்.”

தபாலாபீஸ் மாடி ஓடுபாதையிலிருந்து நேராக, நன்றாகத் தெரியும். இரண்டு மாதம் குறையில்லாமல் நடந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, முதலாளி பின்னால் உட்கார்ந்திருக்க, மாடியில் வேட்டி படபடத்தது. கிளம்பினேன். உயரம் போனதும் ரேடியோவில் தகவல் சொன்னேன்.

“யாரைக் கேட்டுக் கிளம்பினீர்கள்?” என்று கட்டுப்பாட்டு அதிகாரி கத்தினார். “முடியாது என்று இப்போதுதானே உங்கள் போஸ்ட்மாஸ்டரிடம் சொன்னேன்! பெரிய விமானம் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. ஜேடர்பாளையம் அணைக்கு மேலேயே சுற்றுங்கள். நான் கூப்பிடும்வரை நகரக் கூடாது!”

ரேடியோ என் காதில் மட்டும் மாட்டியிருந்ததால் முதலாளிக்கு இது எதுவும் கேட்கவில்லை. எனக்கோ சொல்ல வெட்கம். முதல் சுற்றில் அவர் அணையை ரசித்தார். மூன்றாவது சுற்றில் என் தோளைத் தட்டினார்.

“ஏனுங் தம்பி, காவேரி நம்ம கூடவே வருதுங்களா?”

“அப்படித்தான் தெரியுதுங்கய்யா.”

ஏழாவது சுற்றில் மறுபடி தட்டினார். “வழி தெரியலீன்னா சொல்லுங்க. கீழ எறங்கி ஆரையாச்சும் கேட்டுப்போடலாம்.”

ஒன்பதாவது சுற்றில்தான் விடுதலை கிடைத்தது.

மாலை நான்கு மணிக்குத் திரும்பி இறங்கினோம். இறங்கியதையும் அரைமணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எங்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். காலையில் ஏன் அப்படிச் சுற்றினோம் என்று அறிய முதலாளியும் என் சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டார். போஸ்ட்மாஸ்டர் வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“தப்பு எம்பேர்லதானுங்க. ஊட்டுல துணி தொவச்சு மாடில காயப் போட்டுட்டாங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் நேரே உள்ளே போய், டிரங்க் கால் கிடைத்ததும் ரிசீவரைத் தாமே வாங்கிக்கொண்டார்.

“எறங்கிட்டமுங்க! ஆருக்கும் ஒண்ணும் ஆவுலீங்க. காலைலருந்து எங்களால உங்களுக்குத்தான் செரமம். நீங்க சாப்டீங்களா?”

 மறுமுனையில், காலையில் கத்திய அதே குரல், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கும்படி தணிவாகச் சொன்னது:

“இன்னும் இல்லைங்க.”