தெரிந்தே போட்ட கையெழுத்து

இசக்கிப்பாண்டிக்கு நாற்பத்தாறு வயது. களக்காட்டுப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. வந்த புதிதில் கிடைத்த வேலை கல் பிடிப்பது. கீழே ஒருவன் செங்கலை வீசுவான். சாரத்தில் நின்று அதைப் பிடித்து அடுக்க வேண்டும். தவறவிட்டால் கீழே நிற்பவன் மண்டை போய்விடும். நாலு வருஷம் அப்படிப் பிடித்த மனுஷனைப் பந்தாட்டத்தில் வேறு எங்கே நிறுத்துவது? கோல் கம்பங்களுக்கு நடுவில்தான் நின்றார்.

அணியை உண்டாக்கியவரே அவர்தான். கரமனையில் அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருந்த கொத்தனார்கள், டைல்ஸ் போடுகிறவர்கள், பெயிண்டர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போர்வைக்குள் சுருண்டு கிடந்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பி மைதானத்துக்குக் கூட்டி வந்தார். பேர் 'நெல்லை ஃப்ரண்ட்ஸ்'. பந்துக்குக் காற்றடிப்பது, பத்து ஜெர்சியையும் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் காயப்போடுவது, எல்லாம் அவர் பொறுப்பு. ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம். இந்த வருஷம் உள்ளூர் அணிகளோடு பதினோரு ஆட்டம் ஆடினார்கள். ஒன்பது தோல்வி, இரண்டு சமன். வாங்கிய கோல் நாற்பத்தொன்று. கல் பிடிக்கிற கை என்றாலும் நாற்பத்தாறு வயது நாற்பத்தாறு வயதுதானே.

அவருக்கு ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது. சீசன் முடியும்போது, மலையடிவாரத்தில் இருக்கும் வித்துராவில் கிளப் ஒன்று போட்டி நடத்தும். அங்கே ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு ஆட்டக்காரன் பேரையும் மைக்கில் சொல்லி மைதானத்துக்குள் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் அவரை "பாண்டி" என்றும் "அண்ணாச்சி" என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். முழுப் பேரை மைக்கில் கேட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றிவிடலாம் என்று வைத்திருந்தார். அவர் அணிக்கு அங்கே இடம் கிடைத்தது இதுதான் முதல் தடவை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இசக்கிப்பாண்டிக்கு மலையாளப் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. மார்க்கெட்டில் மீன்காரியோடு சண்டை போட்டு ஜெயிக்கிற அளவுக்குத் தெரியும். எழுத்துதான் ஒன்றுகூடத் தெரியாது. யாராவது காகிதம் நீட்டினால், "கண்ணாடிய ரூம்ல வச்சுட்டு வந்துட்டேன்" என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது. நாற்பதடி தூரத்துப் பந்தைப் பார்த்துத் தாவுகிற ஆளுக்கு எதற்குக் கண்ணாடி என்று ஒருத்தரும் கேட்டதில்லை. விஷயம் தெரிந்தவன் விஜய்குமார் ஒருவன்தான். இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பையன், டைல்ஸ் வேலை. மேஸ்திரியிடம் சொல்லி அவனை வேலையில் சேர்த்துவிட்டவர் இசக்கிப்பாண்டி. பதிலுக்கு அவன் இவருக்கு ரேஷன் சீட்டிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டுவரை வாசித்துச் சொல்வான். யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது விஜய்குமார் அணிப் பட்டியலை நிரப்பிக்கொண்டு வந்தான். பத்துப் பேர்தான் எழுதலாம். "இங்க ஒரு ஒப்பு போட்டுருங்கண்ணே" என்று விரலை வைத்துக் காட்டினான். அவன் காட்டிய இடத்தில் இவர் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ காகிதத்தில் அப்படிப் போட்டதுதான்.

போட்டியன்று காலை எல்லோருமாக பஸ்ஸில் வித்துரா போய் இறங்கினார்கள். வழியெல்லாம் பையன்கள் ஒரு மாதிரி அமைதியாக வந்தார்கள். பயம் போல என்று இவர் நினைத்துக்கொண்டார். மைதானத்தில் ஜெர்சிப் பையைத் திறந்து எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார். ஒன்றாம் நம்பர் மட்டும் மிச்சம் இருந்தது. அதை அவர் தலைவழியே மாட்டப்போனபோது உயரமாக ஒரு கல்லூரிப் பையன் வந்து கை நீட்டினான். பேர் அபிஜித், கோல் கீப்பர் என்றான். இசக்கிப்பாண்டி திரும்பிப் பார்த்தார். ஒன்பது பேரும் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே கட்டியிருந்தவனும் அவிழ்த்துக் கட்டினான்.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. அவர் கையெழுத்துப் போட்ட பத்துப் பேரில் அவர் பேர் இல்லை. ஒருத்தன் செய்த வேலை இல்லை. ஒன்பது பேரும் பத்து நாளாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, அவர் துவைத்துப்போட்ட சட்டையை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். ஜெர்சியை அந்தப் பையனிடம் கொடுத்துவிட்டார். அவன் என்ன பாவம் செய்தான்?

விஜய்குமார் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, ஒரு கப்பாவது அடிக்கண்டாமா? உங்ககிட்ட சொன்னா சம்மதிப்பீங்களா?"

அவர் சம்மதித்திருப்பாரா? எனக்கும் தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம். கேட்கவே கேட்காமல், அவருடைய ஒரே குறையைப் பிடித்து அதன் வழியாகவே கவிழ்த்தது பச்சைத் துரோகம்.

அதற்குள் மைக் பேச ஆரம்பித்துவிட்டது. பத்துப் பேரையும் சொல்லி முடித்து, கடைசியில் மலையாளத்தில், டீம் மேனேஜர் ஸ்ரீ இசக்கிப்பாண்டி என்றது. ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை யாரோ அவர் பக்கம் தள்ளினார்கள். சட்டைப்பையில் போன் ஓடிக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஊரில் இருக்கும் மனைவி கௌசல்யா கேட்கட்டும் என்று பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கூப்பிட்டு, லைனை வெட்டாமல் வைத்திருந்தார். காதில் வைத்தார்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. உங்க பேரைக் கடைசில தனியாச் சொன்னாவளே" என்றாள். அவளுக்கு மலையாளம் தெரியாது. குரலில் அத்தனை சந்தோஷம். "ஆமா" என்று வைத்துவிட்டார்.

நெல்லை ஃப்ரண்ட்ஸ் இரண்டுக்கு சைபர் என்று ஜெயித்தது. அபிஜித் நன்றாகவே பிடித்தான். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பையன்கள் நாற்காலியைச் சுற்றி ஓடி வந்தார்கள், பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டார்கள்.

அடுத்த ஆட்டம் நாலு மணிக்கு. அதற்குப் புதிய பட்டியல், மறுபடி மேனேஜர் கையெழுத்து வேண்டும். மேஜைக்குப் பின்னால் கிளப்காரர்கள், முன்னால் பத்துப் பேர். விஜய்குமார் காகிதத்தை வைத்து, பழக்கதோஷத்தில் விரலையும் வைத்தான். இசக்கிப்பாண்டி அந்த விரலைப் பிடித்து நகர்த்தி வைத்தார்.

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது" என்றார், மேஜைக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி. "கண்ணாடியும் கிடையாது. பத்தொன்பது வருஷமாப் பொய் சொல்லிட்டேன். நீ வாசி, விஜயா. முதல் எழுத்துலருந்து."

விஜய்குமார் வாசித்தான். ஒவ்வொரு பேருக்கும் அந்தந்தப் பையன் தலை குனிந்தது. பத்தாவது பேரோடு அவன் நிறுத்தினான். அவர் விடவில்லை, "மிச்சத்தையும் வாசி" என்றார். "மேனேஜர், இசக்கிப்பாண்டி" என்று முடித்தான்.

பேனாவை வாங்கித் தமிழில் முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெர்சிப் பையின் சாவியையும் காற்றடிக்கும் பம்பையும் மேஜைமேல் வைத்தார். கையுறையை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னால் விஜய்குமார் "அண்ணே" என்றான். திரும்பவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நாலு மணி ஆட்டத்துக்கு மைக் பேர் சொல்லத் தொடங்கியது. கடைசியில் அவர் பேரும் வந்தது. வளைவில் ஒரு பஸ் திரும்பியது. பொன்முடி மலைக்கு ஏறுகிறதா, திருவனந்தபுரம் தம்பானூருக்கு இறங்குகிறதா என்று போர்டில் மலையாளத்தில்தான் எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "இது எங்க போற பஸ்ஸும்மா? எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று கேட்டார்.